தண்ணீர் குடிக்காத யந்திரம்

சென்ற வாரம் இந்தப் பகுதியில் தையல் மிஷினில் நூல் ஏன் அறுகிறது என்பதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த தூத்துக்குடி நேயர் ஒருவர், "நூல் அறுந்தால் மறுபடி கோத்துக் கொள்ளலாம். ஒருவனுடைய பிழைப்பே அறுந்து போனால் அதைக் கோக்கிற வழி என்ன?" என்று கேட்டு நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கடிதத்தின் சாராம்சம் பின்வருமாறு:

அவர் வசிக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓர் இளைஞன் இருக்கிறான். தகப்பனார் விட்டுப் போன வள்ளம் ஒன்றுதான் அவனுடைய ஆஸ்தி. துடுப்பையும் பாயையும் நம்பிப் பிழைக்கும் காலம் மலையேறி விட்டபடியால், கடன் வாங்கிப் பழைய அவுட்போர்டு மோட்டார் ஒன்றை விலைக்கு வாங்கினான். விற்றவர் ஒளிவு மறைவு இல்லாத மனிதராகவே நடந்து கொண்டார். கடற்கரை மணலில் ஒரு மரச் சட்டத்தை நட்டு, அதில் மோட்டாரைப் பூட்டி, கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தார். மோட்டார் சிங்கம் போல் கர்ஜித்தது. சுற்றி நின்றவர்கள் பிரமித்தார்கள். "சத்தத்தைக் கேளு, தம்பி! மணி மாதிரி இல்லை?" என்றார் விற்றவர். பையனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டிக் காட்டச் சொன்னான். அப்படியே காட்டினார். மூன்று நிமிஷம் இந்தக் கச்சேரி நடந்தது. பணம் கை மாறிற்று.

மறுநாள் விடியற்காலையில் வள்ளம் கடலுக்குப் போயிற்று. அரை மணி நேரத்துக்குள் மோட்டாரின் வேகம் தானாகவே குறைந்தது. ஏதோ தீய்ந்த நாற்றம் வந்தது. பிறகு ஒரு முனகல்; அப்புறம் மௌனம். வேறொரு படகுக்காரர் இரக்கப்பட்டுக் கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தார். மிஸ்திரி பிரித்துப் பார்த்துவிட்டு, பிஸ்டன் பிடித்துக் கொண்டு விட்டது என்று சொன்னார். விற்றவரிடம் போனால், "நான் கொடுத்தபோது ஓடிற்றா, இல்லையா? நீயே காதாரக் கேட்டாயே!" என்கிறார். வாங்கியவனோ, "மறுநாளே நின்று போகிற பொருளை என் தலையில் கட்டி விட்டார்" என்கிறான். இரண்டு பேரில் யார் பக்கம் நியாயம் என்று நேயர் கேட்கிறார்.

நியாயத்துக்குப் பிறகு வருகிறேன். பிரித்துப் பார்க்காமல் எதையும் சத்தியம் செய்து சொல்ல முடியாதுதான். ஆனாலும் கடிதத்தில் உள்ளபடியே எல்லாம் நடந்திருந்தால், அந்த மோட்டாருக்குச் சாவு கடலில் வரவில்லை. கரையிலேயே, அத்தனை பேர் கைகொட்டி ரசித்துக் கொண்டிருந்த அந்த மூன்று நிமிஷத்திலேயே வந்துவிட்டது. மறுநாள் கடலில் நடந்தது வெறும் உத்தரகிரியை.

இது எப்படி என்று பார்ப்போம்.

பெட்ரோலோ, மண்ணெண்ணெயோ, எதை எரித்தாலும் சரி, எரிகிற சக்தி முழுவதும் வேலையாக மாறுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் படகைத் தள்ளுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. மிச்சமுள்ள பங்கு, யந்திரத்தின் உடம்பிலேயே உஷ்ணமாக ஏறுகிறது. பத்துக் குதிரைச் சக்தி மோட்டார் முழு மூச்சாக உழைக்கும்போது அதன் உடம்பில் ஏறுகிற உஷ்ணத்தை ஒரு பாத்திரத்துக்குத் திருப்ப முடியுமானால், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீர் நாற்பது விநாடியில் கொதித்து விடும். நமது வீட்டு அடுப்புகள் பொறாமைப்பட வேண்டிய விஷயம்! இந்த உஷ்ணத்தை யாராவது ஓயாமல் வாரி எடுத்து வெளியே கொட்டிக் கொண்டிருக்க வேண்டும். மோட்டார் காரில் அந்த வேலையை ரேடியேட்டரும் விசிறியும் செய்கின்றன. படகுக்கு அந்தத் தொல்லை எதற்கு? அதுதான் தண்ணீரிலேயே மிதக்கிறதே! ஆகவே அவுட்போர்டு மோட்டாரைச் செய்தவர்கள் ரேடியேட்டரைத் தலை முழுகிவிட்டு, கடலையே ரேடியேட்டர் ஆக்கிக் கொண்டார்கள். கீழே தண்ணீருக்குள் இருக்கும் காலில் சல்லடை போன்ற சிறு துவாரங்கள் உண்டு. அவற்றின் வழியாகத் தண்ணீர் நுழைந்து, ஒரு பம்பினால் மேலே ஏற்றப்பட்டு, சிலிண்டரைச் சுற்றி வலம் வந்து, உஷ்ணத்தை வாங்கிக் கொண்டு மறுபடியும் கடலில் போய்ச் சேர்கிறது.

கதையின் முக்கிய பாத்திரம் இந்தப் பம்புதான். மிஸ்திரிகள் இம்பெல்லர் என்று சொல்லும் ரப்பர்ச் சக்கரம் ஒன்று அதற்குள் இருக்கிறது. ஐந்தாறு இதழ்கள் விரிந்த ரப்பர்ப் பூவைப் போல் இருக்கும். அது குடியிருக்கும் உலோகக் கிண்ணம் மையம் சற்று விலகியது. ஒரு பக்கம் இடம் தாராளம்; மறு பக்கம் நெருக்கடி. தாராளமான பக்கத்தில் இதழ்கள் விரிந்து தண்ணீரை அள்ளுகின்றன. நெருக்கடியான பக்கத்துக்கு வந்ததும் வளைந்து மடிந்து அந்தத் தண்ணீரை மேலே பிதுக்கி அனுப்புகின்றன. ஈரத்துணியைப் பிழிகிற வேலைதான். எளிய ஏற்பாடு, மலிவான ஏற்பாடு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ரப்பர் உலோகத்தோடு உராயும் இடத்தில் வழவழப்புக்காக எண்ணெயோ கிரீஸோ கிடையாது. உள்ளே வரும் தண்ணீரே எண்ணெய்.

தண்ணீர் வராவிட்டால்? மோட்டார் மிக மெதுவாக, நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்று ஓடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆறு இதழ்களும் சேர்ந்து விநாடிக்கு நூறு தடவை அந்தக் கிண்ணத்தின் சுவரை வறட்டு ரப்பராகத் தேய்க்கின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அழிக்கும் ரப்பரை மேஜையில் தேய்த்துப் பக்கத்துப் பையனுடைய கையில் சூடு வைப்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே வித்தைதான் இதுவும். சில விநாடிகளிலேயே இதழ்களின் நுனி கருகத் தொடங்கும். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் போனால் ரப்பர் இறுகிப் போய், வளைகிற இடத்தில் வெடிப்புக் கண்டு, இதழ்கள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பிக்கும்.

"கியரே போடவில்லையே, சும்மாத்தானே ஓடிற்று?" என்று சிலர் வாதாடுவார்கள். நல்ல வாதம், ஆனால் யந்திரத்திடம் செல்லாது. மேலேயுள்ள சிலிண்டரிலிருந்து ஒரு தண்டு நேரே கீழே இறங்குகிறது. பம்பு அந்தத் தண்டிலேயே கோக்கப்பட்டிருக்கிறது. கியரும் புரொபெல்லரும் அதற்குக் கீழே உள்ள சமாசாரம். எனவே கியர் விழுந்தாலும் விழாவிட்டாலும் யந்திரம் மூச்சு விடுகிற வரையில் பம்பு சுற்றியே தீரும்.

இதில் உள்ள மோசம் என்னவென்றால், கரையில் ஓட்டும்போது யந்திரம் எந்தக் குறையும் சொல்லுவதில்லை. சிலிண்டர் சூடேறிப் பிடித்துக் கொள்வதற்குச் சற்று நேரம் ஆகும். பம்பின் ரப்பரோ அதற்கு வெகு முன்னாலேயே தீய்ந்து போகும். மூன்று நிமிஷம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் சத்தத்தில் மாறுதல் இல்லை; புகையில் மாறுதல் இல்லை. குழந்தையைக் கையில் தூக்கிக் கொண்டு திருஷ்டி கழித்து அனுப்புவதைப் போல் அனுப்பி விடுகிறோம். நகரவாசிகளான நேயர்களுக்கு இது புதிய அனுபவமாக இருக்க வேண்டியதில்லை. கோடைகாலத்தில் கிணற்றில் நீர் கீழே போனது தெரியாமல் வீட்டு மோட்டார்ப் பம்பைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! மோட்டார் என்னவோ ஓடிக் கொண்டுதான் இருக்கும். உள்ளே சீல் கருகியிருக்கும். மறுநாளிலிருந்து பம்பின் அடியில் தண்ணீர் சொட்டும், பிளம்பருக்குக் கொண்டாட்டம்.

பாம்பன் கரையில் ஒரு பட்டறை வாசலில் நின்று நான் பார்த்த காட்சி ஒன்று இங்கே பொருத்தமானது. மிஸ்திரி ஒருவர் மோட்டாரின் காலைக் கழற்றி, பம்பைத் திறந்து, கருகிப்போன ரப்பர்த் துண்டுகளை ஒரு தகரத்தில் பொறுக்கிப் போட்டுக் கொண்டிருந்தார். புதிய இம்பெல்லர் பக்கத்திலேயே தயாராக இருந்தது. மோட்டாரின் சொந்தக்காரப் பையனுக்கு அவசரம்.

"புதுசை மாட்டிக் குடுத்துடுங்கண்ணே, மதியத்துக்குள்ள இறங்கணும்."

"இரு தம்பி. இதழ் ஆறு. இங்கே நாலுக்குத்தான் கணக்கு வருது. மீதி ரெண்டு எங்கே?"

"கடல்ல விழுந்திருக்கும்ணே."

"கீழே விழ வழியில்லை. தண்ணி போற பக்கம்தான் அதுவும் போகும். மேலே ஏறி உக்காந்திருக்கு."

அந்த மனிதர் மேலும் ஒரு மணி நேரம் செலவழித்தார். தண்ணீர் ஏறுகிற குழாயைக் கழற்றி ஊதினார். தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தார். ஒரு துண்டு குழாயின் வளைவிலும், மற்றொன்று தெர்மோஸ்டாட்டின் வாயிலும் கிடைத்தன. ஆறு இதழையும் தகரத்தில் வட்டமாக அடுக்கிப் பார்த்த பிறகுதான் புதிய இம்பெல்லரைக் கையில் எடுத்தார். இரண்டு துண்டையும் விட்டுவிட்டுப் புதிய பம்பை மாட்டியிருந்தால், பம்பு நன்றாக வேலை செய்யும். தண்ணீர்தான் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. ஒரு வாரத்தில் அந்தப் பையன் மறுபடி வந்து நின்றிருப்பான். எந்தக் கலாசாலையிலும் இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் மோட்டாரைக் கரையில் ஓட்டவே கூடாதா? தாராளமாக ஓட்டலாம். ஓட்டத்தான் வேண்டும். பழுது பார்த்தபின் சோதிப்பதற்கும், உப்புத் தண்ணீரில் ஓடிய யந்திரத்தை நல்ல தண்ணீரால் கழுவுவதற்கும் கரைதான் இடம். ஆனால் கடலைக் கரைக்குக் கொண்டு வர வேண்டும். அதற்கு இரண்டு வழி உண்டு.

முதலாவது, பீப்பாய் வழி. இரண்டு கைத் தூணில் பலமான சட்டம் அடித்து மோட்டாரைப் பூட்டி, அதன் கால் முழுவதும் ஒரு பெரிய டிரம்முக்குள் இறங்கும்படி வைக்கிறார்கள். புரொபெல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கிறதல்லவா? அந்தத் தகட்டுக்கும் மேலே தண்ணீர் நிற்க வேண்டும். புரொபெல்லரை முன்னாலேயே கழற்றி வைத்து விட வேண்டும். இல்லாவிட்டால், தவறிக் கியர் விழுந்ததும் அது டிரம்மிலுள்ள தண்ணீரையெல்லாம் சுற்றி நிற்பவர்கள் தலையில் அபிஷேகம் செய்துவிட்டு, வெறும் டிரம்மில் சுற்ற ஆரம்பிக்கும்.

இரண்டாவது, குழாய் வழி. வில் போல் வளைந்த கம்பியின் இரு முனையிலும் இரண்டு ரப்பர்க் கிண்ணங்கள். பார்வைக்கு, பாட்டுக் கேட்பதற்காக வாலிபர்கள் காதில் மாட்டிக் கொள்கிறார்களே, அதைப் போலவே இருக்கும். இதை மோட்டாரின் காலில் தண்ணீர்த் துவாரங்களின் மேல் கவ்வும்படி மாட்டி, தோட்டத்துக் குழாயை இணைத்து விட வேண்டும். முதலில் தண்ணீரைத் திறக்க வேண்டும். பிறகே யந்திரத்தைக் கிளப்ப வேண்டும். நிறுத்தும்போது முதலில் யந்திரம், பிறகு தண்ணீர். இந்த வரிசை மாறக் கூடாது. கிண்ணத்தின் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் வழிந்து வீணாகிக் கொண்டிருந்தால் சந்தோஷப்பட வேண்டும்; போதிய அளவு வருகிறது என்று அர்த்தம். அதிர்ச்சியில் கிண்ணம் நழுவி விடக் கூடும் என்பதால் ஒருவர் அதன் மேலேயே கண்ணாக இருக்க வேண்டும். புதுமாதிரி மோட்டார்கள் சிலவற்றில் குழாயைத் திருகி மாட்டத் தனியே ஒரு வாய் வைத்திருக்கிறார்கள். அது பெரும்பாலும் யந்திரத்தை நிறுத்தி வைத்துக் கழுவுவதற்காக ஏற்பட்டது. கையேட்டைப் படிக்காமல் அதை நம்பி யந்திரத்தைக் கிளப்பினால் பழைய கதைதான்.

எந்த வழியானாலும் மெதுவான ஓட்டத்துக்கு மேல் போகக் கூடாது. கடலில் புரொபெல்லர் தண்ணீரைத் தள்ளுகிற சிரமமே யந்திரத்துக்குக் கடிவாளம். கரையில் அந்தக் கடிவாளம் கிடையாது. கைப்பிடியைச் சற்றே திருகினால் போதும், பாரமில்லாத யந்திரம் தாங்க முடியாத வேகத்துக்குப் பாய்ந்து தன்னைத் தானே உடைத்துக் கொள்ளும். "சத்தத்தைக் கேளு" என்று முறுக்கிக் காட்டுகிறவர்கள் தண்ணீர் ஊற்றியே முறுக்கினாலும் தப்புத்தான்.

பம்பு வேலை செய்கிறதா என்பதை யந்திரமே தெரிவிக்கிறது. அதன் பின்புறத்தில் ஒரு சின்னத் துவாரத்தின் வழியாக மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சிக் கொண்டே இருக்க வேண்டும். தாரை நின்றால் யந்திரத்தையும் உடனே நிறுத்த வேண்டும். சில சமயம் துவாரத்தில் உப்புப் பூத்திருக்கும். மாதக் கணக்கில் கொட்டகையில் கிடந்த மோட்டாரானால் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். மெல்லிய கம்பியால் குத்தினால் சரியாகிவிடும். ஆனால் தாரை வருவதைக் கண்டு மட்டும் அயர்ந்துவிடவும் கூடாது. பல மோட்டார்களில் இந்தத் தாரை, தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாலேயே பிரிந்து வந்து விடுகிறது. தெர்மோஸ்டாட் என்பது யந்திரம் போதிய சூடு அடைகிற வரையில் தண்ணீரை உள்ளே முழுவதும் சுற்ற விடாத கதவு. ஆகையால் உப்பைக் கழுவுவதற்காக ஓட்டுகிறவர்கள் இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிட்டால், வாசலைக் கழுவிவிட்டு வீட்டைக் கழுவியதாக நினைத்துக் கொள்வது போலாகும். கதவு திறந்து உள்ளெல்லாம் நல்ல தண்ணீர் போய்வரப் பத்து நிமிஷமாவது வேண்டும்.

பத்து நிமிஷத்துக்குத் தண்ணீர்! இந்த இடத்தில்தான் யந்திர சாஸ்திரம் முடிந்து, நமது கடற்கரை வாழ்க்கை ஆரம்பிக்கிறது. கையேடு எழுதுகிற ஜப்பான் தேசத்தாரும் அமெரிக்காக்காரரும், எல்லார் வீட்டு வாசலிலும் குழாய் இருக்கிறது, திருகினால் நல்ல தண்ணீர் கொட்டும் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறார்கள். நமது கரையோரக் குப்பங்களில் பலவற்றில் கிணற்று நீரே கரிக்கும். குடிக்கிற தண்ணீர் லாரியில் வர வேண்டும். பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தாய்மார்கள் மணிக்கணக்கில் காத்திருந்து பிடித்து, இடுப்பிலும் தலையிலும் சுமந்து வருகிறார்கள். புருஷன் கடலிலிருந்து வந்ததும் மோட்டாருக்குப் பத்துக் குடம் கேட்டால் அந்த அம்மாள் என்ன செய்வாள்? சோறு வடிப்பதா, சிலிண்டர் கழுவுவதா? மோட்டாரைக் கழுவாமல் வைத்தால் உப்புப் படிந்து நீர்வழிகள் அடைபட்டு, வாங்கிய கடன் அடைவதற்குள் யந்திரம் அடைந்துவிடும். இரண்டும் ஒரே குடும்பத்தின் வயிற்றைப் பற்றிய விஷயந்தான். "மீனவர்களுக்கு யந்திரப் பராமரிப்புத் தெரியவில்லை" என்று பிரசங்கம் செய்கிற கனவான்கள், அந்த வரிசையில் ஒரு நாள் குடத்தோடு நின்று பார்த்துவிட்டுப் பேசினால் தேவலை. படகு இறங்கும் தளந்தோறும் பொதுவில் ஒரு தண்ணீர்த் தொட்டியும், மோட்டாரைப் பூட்ட ஒரு சட்டமும் கட்டி வைக்க லட்சக்கணக்கில் பணம் வேண்டியதில்லை.

பீப்பாய்க்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு தடவை இருநூறு லிட்டர் நிரப்பினால் நாலைந்து மோட்டார்கள் அடுத்தடுத்துக் குளித்து விடலாம். ஆனால் புகையும் அந்தத் தண்ணீருக்குள்ளேயே வெளிவருவதால் எண்ணெய் மிதக்கும். ஒவ்வொரு மோட்டாரும் தன் உப்பைக் கொஞ்சம் விட்டுப் போகும். திருக்குளத்தைப் போல் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றலாம் என்று எண்ணக் கூடாது.

புகை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மழைக்குப் பயந்து மோட்டாரைக் கொட்டகைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக் கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலை கனக்கிறது என்று நினைப்பதற்குள் கால் எழுந்து நடக்க மறுக்கும். ஆகவே திறந்த வெளியில்தான் ஓட்ட வேண்டும். மேல் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டினால், உச்சியில் சுழலும் சக்கரம் துண்டையோ, வேஷ்டி நுனியையோ, குனிந்து பார்க்கிற பெண்குழந்தையின் பின்னலையோ பிடித்து இழுத்துக் கொள்ளும். வேடிக்கை பார்க்கக் குழந்தைகள் கூடாத கடற்கரை நம் தேசத்தில் ஏது?

இந்த மோட்டார்களுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. அமெரிக்காவில் கேமரான் வாட்டர்மேன் என்ற சட்டக் கல்லூரி மாணவர் மோட்டார் சைக்கிள் யந்திரம் ஒன்றைச் சுத்தம் செய்வதற்காகத் தம் அறையில் நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்தாராம். நாற்காலியில் தொங்குகிற யந்திரம் படகின் பின்பலகையில் ஏன் தொங்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றிற்று. 1905-இல் டெட்ராய்ட் நதியில் அதைச் சோதித்துப் பார்த்தார். அவருடைய முதல் யந்திரங்கள் மோட்டார் சைக்கிளைப் போல் காற்றினாலேயே குளிர்ந்தவை. பிற்பாடுதான் தண்ணீருக்கு மாறினார். பிறகு 1909-இல் மில்வாக்கி நகரத்தில் ஓலே எவின்ரூடு என்பவர் செய்த ஒன்றரைக் குதிரைச் சக்தி மோட்டார்தான் உலகமெங்கும் பரவியது. அதன் எடை 62 பவுண்டு. கோடை நாளில் காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கி வருவதற்காக ஏரியில் துடுப்புப் போட்டுக் கை ஓய்ந்து போனதுதான் அவரை அந்த யோசனையில் தள்ளிற்று என்று சொல்வார்கள். ஐஸ்கிரீம் உருகிவிட்டதாம், காதல் உருகவில்லை. அந்தப் பெண்ணையே மணந்து கொண்டார்; கம்பெனியின் விளம்பரமும் கணக்கும் அந்த அம்மாளின் கையில்தான் இருந்தன.

எவின்ரூடு பிறந்தது நார்வே தேசத்தில். அதே நார்வே தேசம், ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தோடும் நமது சர்க்காரோடும் 1952-இல் ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டு, கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் மீன்பிடி படகுகளுக்கு யந்திரம் வைக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. அங்கே வந்தவை படகின் வயிற்றுக்குள்ளேயே உட்காரும் டீசல் யந்திரங்கள். பின்பலகையில் தொங்கும் ஜப்பான் மோட்டார்கள் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் பெருவாரியாக வந்தது 1980-களில்தான்.

நம் கிழக்குக் கரையில், நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கங்களில், வேறொரு ஜாதி யந்திரத்தைக் காணலாம். நீண்ட தண்டின் நுனியில் புரொபெல்லர். தண்டின் மறு நுனியில், படகுக்கு மேலே, காற்றினால் குளிரும் சிறிய டீசல் எஞ்சின். காது செவிடுபடும். ஆனாலும் 2004-ஆம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு வந்த கண்ணாடி இழைப் படகுகளில் இதை ஏராளமாகப் பார்க்கிறோம். விலை குறைவு, டீசல் செலவு குறைவு என்பவற்றோடு இன்னொரு காரணமும் எனக்குப் படுகிறது. அலையைத் தாண்டி மணலில் ஏறி இறங்க வேண்டிய கரை இது. தண்ணீர்ப் பம்பு உள்ள மோட்டார், ஆழமில்லாத இடத்தில் தண்ணீரோடு மணலையும் உறிஞ்சும். ரப்பர் இதழ்கள் அரத்தில் தேய்த்தாற்போல் தேயும். மணலில் ஏறுகிற கடைசி நேரத்தில் காலைத் தூக்கினால் வெறுங்காற்றை உறிஞ்சும். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு இந்த இரண்டு பயமும் இல்லை. தண்டை வெளியே தூக்கிவிட்டாலும், டீசல் எஞ்சினுக்கு வேகத்தை அடக்கும் கவர்னர் உண்டாகையால் அது துள்ளிக் குதிப்பதில்லை. கரைக்குத் தகுந்த யந்திரத்தை நமது ஜனங்கள் தேர்ந்தெடுத்துக் கொண்டார்கள் என்றே சொல்லலாம்.

படகுக்குள் உட்காரும் பெரிய யந்திரத்தைக் கரையேற்றிச் சோதிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடல்நீர் எடுக்கும் குழாயைக் கழற்றி ஒரு பெரிய வாளிக்குள் விட்டு, வாளி வற்றாமல் ஊற்றிக் கொண்டே இருக்க ஓர் ஆளை நிறுத்தினால் யந்திரத்தை மெதுவாக ஓட்டலாம். ஆனால் கியரைத் தொடக் கூடாது. பல படகுகளில் புரொபெல்லர்த் தண்டு வெளியேறும் இடத்தில் ரப்பர்த் தாங்கி இருக்கிறது. அதற்கும் கடல்தான் எண்ணெய்.

கடலில் யந்திரம் சூடேறி நின்று விட்டால் உடனே வாளியில் கடல்நீரை மொண்டு அதன் தலையில் கொட்டத்தான் கை பரபரக்கும். கொட்டக் கூடாது. கொதிக்கிற உலோகம் திடீரென்று குளிர்ந்தால் கோணும், வெடிக்கும். மூடியைத் திறந்து வைத்துவிட்டுத் தானாக ஆறும் வரையில் காத்திருக்க வேண்டும். கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கடன்காரன் முகம் மனக்கண்ணில் தெரிந்து கொண்டிருக்கும்போது, சும்மா காத்திருப்பது எவ்வளவு கஷ்டமென்பதை நான் அறிவேன்.

இனி நேயர் கேட்ட நியாயம். 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தில், வாங்குகிறவன்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பது பொது விதி. சில விலக்குகளும் உண்டு. அதை வக்கீல்களிடம் விட்டுவிடுகிறேன். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், முதல் ஒரு நிமிஷத்துப் பாவம் விற்றவரைச் சேர்ந்தது. இத்தனை வருஷம் மோட்டார் வைத்திருந்தவருக்கு அது தண்ணீர் குடிக்கிற பிராணி என்று தெரியாமல் இருக்க முடியாது. "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டு வாங்கிய மீதி நிமிஷங்களில் பையனுக்கும் பங்கு உண்டு. ஆகவே பழுது பார்க்கும் செலவை இருவரும் பகிர்ந்து கொள்வதே மரியாதை. விற்றவர் பெரும் பகுதியைக் கொடுக்கட்டும். ஊர்ப் பெரியவர் யாரேனும் நடுவில் இருந்து பேசினால் கோர்ட்டுக்குப் போகாமலே முடியக் கூடிய காரியம். தவிர, பிஸ்டன் பிடித்துக் கொண்டது என்றால் மோட்டாரைக் குப்பையில் எறிய வேண்டியதுதான் என்று அர்த்தமில்லை. சிலிண்டரைக் கடைந்து, அளவு கூடிய பிஸ்டன் போட்டுச் சரி செய்கிற பட்டறைகள் இருக்கின்றன. அப்படிச் செய்யும்போது பழைய இம்பெல்லரின் இதழ்களை எண்ணிப் பார்க்கும்படி அந்த மிஸ்திரிக்கு நேயர் தயவு செய்து ஞாபகப்படுத்த வேண்டும்.

அடுத்தபடி பழைய மோட்டார் வாங்கப் போகிறவர்கள், விற்பவர் கயிற்றில் கை வைக்குமுன், யந்திரத்தின் காலுக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால், "கிளப்ப வேண்டாம், அண்ணாச்சி, டிரம் கொண்டு வருகிறேன்" என்று சொல்லட்டும். டிரம்மில் பத்து நிமிஷம் ஓடி, பின்புறத்துத் தாரை ஒரே சீராக வந்து, அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் பேரத்தைத் தொடங்கலாம். டிரம் கொண்டு வரும்வரை பொறுக்க முடியாது என்று விற்பவர் சொன்னால், அவருக்கு வேறு வாங்குகிறவர் கிடைக்கட்டும்.